நூற்றுக்கு எத்தனை? – ஆட்ரி லார்டும் ஒரு கேள்வித்தாளும்

1978. நியூயார்க். வலது மார்பகத்தை அகற்றிப் பத்து நாள் ஆகிறது. தையல் பிரிக்க டாக்டரிடம் போக வேண்டும். ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பிய பிறகு அதுதான் முதல் வெளிப்பயணம். தோழி ஒருத்தி தலை அலசிவிட்டிருக்கிறார். கென்டே துணியில் தைத்த மேலங்கி, புது லெதர் பூட்ஸ், வலது காதில் மட்டும் தொங்கும் ஒரே ஒரு பறவை. இரண்டு பக்கமும் ஒன்றுபோல் இல்லாததை மறைக்காமல், தானே முந்திக்கொண்டு அறிவித்துவிடுகிற அலங்காரம். நல்லாத்தான் இருக்கோம் என்ற நினைப்போடு கவிஞர் ஆட்ரி லார்ட் டாக்டரின் அறைக்குள் நுழைகிறார்.

அங்கிருந்த நர்ஸ் ஏற்கெனவே பழக்கமானவர், இதமானவர், கிட்டத்தட்ட லார்டின் வயதே. அவர் கண்ணில் முதலில் படுவது பூட்ஸும் இல்லை, பறவையும் இல்லை. ஏன் செயற்கை மார்பு வைத்துக்கொள்ளவில்லை என்று கேட்கிறார். எனக்கு அது சரிப்படவில்லை என்கிறார் லார்ட். வைத்துக்கொண்டால் உங்களுக்கே நன்றாக இருக்கும், அடுத்த தடவை ஏதாவது வைத்துக்கொண்டு வாருங்கள், இல்லாவிட்டால் இங்கே மற்றவர்களின் மனநிலை கெட்டுப்போகும் என்ற பொருளில் பதில் வருகிறது.

'தி கேன்சர் ஜர்னல்ஸ்' (1980) படித்தவர்கள் யாரும் இந்தக் காட்சியை மறந்திருக்க மாட்டார்கள். நானும் பல வருடங்களாக இதை அதிகாரம், அழகு, பெண் உடல் என்ற வழக்கமான தலைப்புகளின் கீழ்தான் வைத்திருந்தேன். சமீபத்தில் வேறொரு பிரதியைப் படிக்க நேர்ந்த பிறகு இந்தக் காட்சியின் அர்த்தம் எனக்கு மாறிவிட்டது. அது இலக்கியப் பிரதி இல்லை. மார்பக அறுவை சிகிச்சைக்குப் பிறகு பெண்களிடம் கொடுக்கப்படுகிற ஒரு கேள்வித்தாள்.

அதன் பெயர் பிரெஸ்ட்-க்யூ. ஆண்ட்ரியா பூசிக் என்ற அறுவை சிகிச்சை நிபுணரும் அவரது குழுவினரும் உருவாக்கி 2009-இல் வெளியிட்டது. மார்பக மறுசீரமைப்பு பற்றி இன்று உலகில் எங்கே ஆய்வு நடந்தாலும் பெரும்பாலும் இதைத்தான் எடுத்துக்கொள்கிறார்கள். கண்ணாடியில் உடையோடு பார்க்கும்போது எப்படி இருக்கிறது, உடையில்லாமல் பார்க்கும்போது எப்படி இருக்கிறது, பிரா எப்படிப் பொருந்துகிறது, கூட்டத்தில் இருக்கும்போது தன்னம்பிக்கை எப்படி, உடலுறவில் எப்படி, நெஞ்சுப் பகுதியில் வலி உண்டா என்று வரிசையாகக் கேட்கும். திருப்தியே இல்லை என்பதிலிருந்து ரொம்பத் திருப்தி என்பது வரை பெட்டிகள். ஒன்றில் டிக் அடிக்க வேண்டும். கடைசியில் ஒவ்வொரு பகுதிக்கும் பூஜ்யத்திலிருந்து நூறுக்குள் ஒரு மதிப்பெண் வரும்.

இலக்கிய வாசகர்களுக்கு இதைக் கேட்டதும் ஒரு இளக்காரம் வரும். எனக்கும் வந்தது. துக்கத்துக்கு மார்க் போடுகிறார்களாம்! ஆனால் கொஞ்சம் நிதானித்துப் பாருங்கள். இப்படி ஒன்று வருவதற்கு முன் அறுவை சிகிச்சை நன்றாக நடந்ததா இல்லையா என்று யார் சொன்னார்கள்? பெரும்பாலும் டாக்டர்தான். கழுத்துக்குக் கீழே மட்டும் எடுத்த இரண்டு புகைப்படங்களை, முன் ஒன்று பின் ஒன்று, பக்கத்தில் பக்கத்தில் வைத்து. 1895-இல் ஜெர்மனியின் ஹைடல்பெர்க்கில் வின்சென்ஸ் செர்னி என்ற மருத்துவர் ஒரு பாடகியின் இடுப்புப் பகுதியில் இருந்த கொழுப்புக் கட்டியை எடுத்து, மார்பு அகற்றிய இடத்தில் வைத்தார். மார்பக மறுசீரமைப்பின் வரலாறு இங்கிருந்துதான் தொடங்குகிறது என்பார்கள். பாடப் புத்தகங்களில் டாக்டரின் பெயர் இருக்கும், கட்டி எங்கிருந்து எடுக்கப்பட்டது என்பது இருக்கும். பாடகி வெறும் பாடகியாக வந்துபோவார். பிரெஸ்ட்-க்யூ செய்த வேலை, அந்தப் பாடகியிடம் திரும்பிப்போய் 'உனக்கு எப்படி இருக்கு?' என்று கேட்டது. கேள்விகளையும் டாக்டர்கள் மட்டும் உட்கார்ந்து யோசிக்கவில்லை. பெண்களிடம் நேரில் பேசி, அவர்கள் சொன்னதிலிருந்து தொகுத்திருக்கிறார்கள்.

அந்தக் கேள்வித்தாளின் கடைசிப் பகுதிகளில் ஒன்றைப் பார்த்ததும்தான் எனக்கு லார்ட் ஞாபகம் வந்தார். சிகிச்சை பற்றிய திருப்தி என்ற பகுதிக்குள் டாக்டரை மதிப்பிடலாம், தந்த தகவல்களை மதிப்பிடலாம், மருத்துவக் குழுவை மதிப்பிடலாம். கூடவே, அலுவலக ஊழியர்களையும் மதிப்பிடலாம்.

1978-இல் அலுவலகம் லார்டுக்கு மார்க் போட்டது. முப்பது வருடம் கழித்து அந்தத் தாளை வாங்கித் திருப்பி வைத்திருக்கிறார்கள். இது சின்ன மாற்றம் இல்லை. லார்டின் புத்தகத்துக்கு மருத்துவ உலகம் கொடுத்த மிகத் தாமதமான பதில்களில் ஒன்று இது என்றே வாசிக்கத் தோன்றுகிறது. அவர்கள் லார்டைப் படித்துத்தான் இதைச் செய்தார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. கேள்வி ஒன்றுதான் என்கிறேன்: மனநிலை யாருடையது?

சரி, பதில் சரியாக வந்துவிட்டதா? அங்கேதான் சிக்கல்.

புத்தகத்தின் மூன்றாவது பகுதியான செயற்கை மார்பு பற்றிய கட்டுரையில் லார்டின் வாதம் இது. மார்பை இழந்த பெண்ணிடம் உடனடியாக ஒரு பஞ்சுப் பொட்டலத்தைக் கொடுத்து 'ஒன்றும் நடக்கவில்லை, யாருக்கும் தெரியாது' என்று சொல்வது, அவளுக்கு நடந்ததை அவளே பார்க்கவிடாமல் தடுக்கிறது. அவருக்கு ஆஸ்பத்திரியில் ஒரு தன்னார்வலர் கொண்டுவந்து கொடுத்தது வெளிறிய ரோஸ் நிறத்தில் இருந்தது. லார்ட் கறுப்பினப் பெண். கண்ணாடி முன் நின்று அதை வைத்துப் பார்க்கிறார். நிறமும் தனதல்ல, உயிரும் இல்லை, கோணலாக உட்கார்ந்திருக்கிறது. 'யாருக்கும் வித்தியாசம் தெரியாது' என்கிற வாக்கியத்தில் அந்த 'யாருக்கும்' என்பதற்குள் அவர் இல்லவே இல்லை என்பதை இந்த ஒரு நிறம் காட்டிக்கொடுத்துவிடுகிறது. இஸ்ரேலின் மோஷே தயானை உதாரணம் காட்டுகிறார். கண் பட்டையோடு உலகம் சுற்றிய அவரிடம் போய்க் கண்ணாடிக் கண் வைத்துக்கொள், பார்க்க எங்களுக்கு ஒருமாதிரியாக இருக்கிறது என்று யாராவது சொன்னார்களா? அவருடையது வீரத் தழும்பு. இவளுடையது அசிங்கம். லார்ட் கோபத்தில் எழுதும்போது உதாரணங்கள் இப்படி ஆணி அடித்தமாதிரி இறங்கும்.

ஆனால் இதே கட்டுரை மறுசீரமைப்பு அறுவை சிகிச்சையைத் தொடும்போது எனக்கு ஒப்புதல் இல்லை. பஞ்சு மார்பைப் பற்றிப் பேசும்போதாவது கொஞ்சம் இடம் விடுகிறவர், உடம்புக்குள் சிலிகான் வைப்பது என்றதும் கதவைச் சாத்திவிடுகிறார். சிலிகான் மீதான அவரது சந்தேகத்துக்குக் காரணம் இருந்தது. 1992-இல் அமெரிக்க அரசே சிலிகான் ஜெல் இம்ப்ளாண்டுகளுக்குக் கடும் கட்டுப்பாடு விதித்தது, 2006-இல்தான் திரும்ப அனுமதித்தது. 2019-இல் ஒருவகைச் சொரசொரப்பான இம்ப்ளாண்டுகள் அபூர்வமான ஒரு புற்றுநோயோடு தொடர்புடையவை என்று திரும்பப் பெறப்பட்டன. அந்த வகையில் லார்டின் மூக்குக்கு முன்பே வாசனை பட்டிருக்கிறது. என் பிரச்சனை அது அல்ல. மறுசீரமைப்பைத் தேர்ந்தெடுக்கிற பெண் ஏமாந்தவள், ஆண்களின் கண்ணுக்காக அறுத்துக்கொள்கிறவள் என்ற தொனி அந்தப் பக்கங்களில் இருக்கிறது. அந்தப் பெண் பேசும் இடம் புத்தகத்தில் இல்லை.

அவளைப் பேசவிட்டால் என்ன சொல்கிறாள்? அமெரிக்காவிலும் கனடாவிலும் 11 மருத்துவ மையங்களில் 2012 முதல் 2015 வரை மறுசீரமைப்பு செய்துகொண்ட இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட பெண்களைப் பின்தொடர்ந்த ஓர் ஆய்வு உண்டு. இரண்டு வருட முடிவுகள் 2018-இல் வந்தன. இம்ப்ளாண்ட் வைத்துக்கொண்டவர்களைவிட, தங்கள் வயிற்றுத் தசை அல்லது கொழுப்பை எடுத்து மார்பாக்கிக்கொண்டவர்கள் கூடுதல் திருப்தியோடு இருந்தார்கள். மார்பின் தோற்றம், மனநலம், பாலியல் வாழ்வு மூன்றிலும். சொந்தச் சதை, வயதோடு சேர்ந்து தளரும், எடை கூடினால் கூடும், கைவைத்தால் சூடாக இருக்கும். ஆனால் அதே பெண்களின் வயிறு இரண்டு வருடம் கழித்தும் பழைய நிலைக்கு முழுதாகத் திரும்பவில்லை. ஓரிடத்தில் எடுத்து இன்னோரிடத்தில் வைக்கிற கணக்கு அது. இதைத் தெரிந்தே ஒருத்தி தேர்ந்தெடுக்கிறாள் என்றால், அவளைப் பார்த்துப் பாவம், சமூகம் அவளை ஏமாற்றிவிட்டது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கண்ணாடியைப் பார்க்கும்போதெல்லாம் நோய் ஞாபகம் வராமல் இருந்தால் போதும் என்று ஒருத்தி நினைத்தால் அது மறைத்தல் ஆகுமா? ஒருநாளில் நாலு நிமிஷம் நோயை மறந்திருப்பதற்குப் பெயர் மௌனமா?

அதே சமயம் மதிப்பெண்ணை நம்பி லார்டை ஓரங்கட்டவும் முடியாது. எதையும் பொருத்திக்கொள்ளாமல் தட்டையாகவே இருந்துவிடுகிறேன் என்ற பெண்ணிடம் பிரா எப்படிப் பொருந்துகிறது என்று கேட்டால் அவள் எந்தப் பெட்டியில் டிக் அடிப்பாள்? கேள்வியே ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தால் பதிலும் சாயும். மறுசீரமைப்பு செய்யாதவர்களின் வாழ்க்கைத் தரம் குறைவு என்று காட்டும் ஆய்வுகளைப் பற்றி இந்த விமர்சனம் வெளிப்படையாகவே எழுந்தது. 2021-இல் கலிஃபோர்னியாவிலிருந்து வந்த ஓர் ஆய்வு, தட்டையாக இருக்கும் பெண்களோடு சேர்ந்து தனியாகக் கேள்விகள் தயாரித்து 931 பேரிடம் கேட்டது. கிட்டத்தட்ட 74 சதவிகிதம் பேர் தங்கள் அறுவை சிகிச்சையின் விளைவு குறித்துத் திருப்தியாக இருந்தார்கள். அடுத்த எண்தான் என்னைப் பிடித்து நிறுத்தியது. சுமார் 22 சதவிகிதம் பேர் தங்கள் முடிவுக்கு டாக்டரிடமிருந்து பலமான மறுப்பைச் சந்தித்திருந்தார்கள். தட்டையாக இருக்கலாம் என்ற வாய்ப்பையே சொல்லாமல் விடுவது, ஆதரிக்க மறுப்பது, உச்சபட்சமாக 'பின்னால் மனசு மாறலாம்' என்று தோலைக் கொஞ்சம் தொங்கவிட்டே தைத்துவிடுவது.

மயக்கம் தெளிந்து எழுந்து பார்க்கிறாள். கேட்டது ஒன்று, கிடைத்தது ஒன்று. லார்டைப் பார்த்த நர்ஸாவது வாயால் சொன்னார். இங்கே அதே வாக்கியத்தை ஊசி நூலால் எழுதியிருக்கிறார்கள். இதற்கெதிராகப் பெண்கள் சத்தம் போட்ட பிறகே, 2020-இல், அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தின் அகராதியில் நேர்த்தியாகத் தட்டையாக மூடித் தைப்பதற்கென்று ஒரு கலைச்சொல் ஏறியது. மார்பகத்தை அகற்றினால் மறுசீரமைப்புக்கும் காப்பீடு பணம் தர வேண்டும் என்ற சட்டம் அங்கே 1998-லேயே வந்துவிட்டது. உருவாக்குவதற்குச் சட்டம் வந்து இருபத்திரண்டு வருடம் கழித்து, உருவாக்காமல் விடுவதற்கு ஒரு பெயர்!

இன்னொரு விஷயம். மறுபடி கட்டிய மார்பு பார்க்க மார்பு மாதிரி இருக்கும். பெரும்பாலானவர்களுக்குத் தொட்டால் தெரியாது. நரம்புகள் அறுபட்டிருக்கும். வெந்நீர்ப் பை வைத்துச் சூடு தெரியாமல் தோல் வெந்துபோவதும் நடக்கும் என்பதால் டாக்டர்கள் எச்சரிப்பார்கள். கேள்வித்தாள் ஆரம்பத்தில் எப்படித் தெரிகிறது என்பதைக் கேட்ட அளவுக்கு எப்படி உணர்கிறது என்பதைக் கேட்கவில்லை. உணர்ச்சி பற்றிய தனிப் பகுதி பின்னால்தான் சேர்ந்தது. லார்டின் குறிப்பேட்டைத் திறந்தால் இதற்கு நேர் எதிர். இல்லாத மார்பில் வருகிற வலி, இடம் மாறுகிற வலி, ஒரே இடத்தில் நிற்கிற வலி என்று வலியின் வகைகளைப் பக்கம் பக்கமாகப் பிரித்து எழுதுகிறார். அந்தப் புத்தகத்தில் மார்பகம் வெளியிலிருந்து பார்க்கப்படும் பொருளாக இல்லை, உள்ளிருந்து உணரும் இடமாக இருக்கிறது. அரசியல் வாசிப்புகளில் நாம் தவறவிடுகிற பக்கங்கள் அவை. என்னைக் கேட்டால் அந்தப் புத்தகத்தின் ஆகச் சிறந்த பக்கங்களும் அவைதான்.

லார்ட் தனக்கு முன்மாதிரியாக டஹோமியின் அமேசான் வீராங்கனைகளைப் பிடித்துக்கொள்கிறார். வில்லை நன்றாக இழுப்பதற்காக வலது மார்பை அறுத்துக்கொண்டவர்கள் என்று கதை. தமிழில் வாசிக்கிற யாருக்கும் இந்த இடத்தில் கண்ணகி வராமல் இருக்க மாட்டாள். நற்றிணையிலும் ஒரு முலை அறுத்தவளாகத் திருமாவுண்ணி என்றொருத்தி வருகிறாள். நமக்கும் வீராங்கனைகள் இருக்கிறார்கள் என்று நெஞ்சு நிமிர்த்தத் தோன்றும். எனக்கு அதில் ஒரு தயக்கம். இடது மார்பைத் திருகி மதுரைமேல் எறிந்த கண்ணகி அதற்குப் பிறகு எத்தனை நாள் வாழ்ந்தாள்? பதினாலாம் நாள் வேங்கை மரத்தடியிலிருந்து வானுலகம் போய்விடுகிறாள். காயம் ஆறவேண்டியதில்லை, ஜாக்கெட் தைக்கக் கொடுக்கவேண்டியதில்லை, பஸ்ஸில் கம்பியைப் பிடிக்கக் கையைத் தூக்கவேண்டியதில்லை. காப்பியம் அவளைத் தெய்வமாக்கிக் காப்பாற்றிவிட்டது. லார்ட் பதினாலு வருடம் வாழ்ந்தார். 1984-இல் நோய் கல்லீரலுக்குப் பரவியது, 1992-இல் இறந்தார். அந்தப் பதினாலு வருடத்துக்குத்தான் வாழ்க்கைத் தரம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அதைப் பற்றி எழுதுவதற்கு வீராங்கனை உவமை உதவாது. லார்டுக்கே ஒரு கட்டத்துக்கு மேல் உதவவில்லை, 'எ பர்ஸ்ட் ஆஃப் லைட்' (1988) படித்தால் தெரியும்.

இந்தக் கேள்வித்தாளைத் தமிழில் கொண்டுவந்தால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். முதல் சிக்கல், அந்த உறுப்புக்கு என்ன சொல் போடுவது? ஆஸ்பத்திரிப் பலகையில் மார்பகம். பேச்சில் யாரும் மார்பகம் என்று சொல்வதில்லை. நெஞ்சு என்றால் ஹார்ட் அட்டாக். சங்க இலக்கியம் கூச்சமில்லாமல் சொன்ன சொல்லை 2002-இல் குட்டி ரேவதி தொகுப்புக்குத் தலைப்பாக வைத்ததற்கு எவ்வளவு வசை வந்தது என்று தெரியும். சொல்லவே கூசுகிற உறுப்பு போய்விட்டால், போனதையும் சொல்ல முடியாது. என் பெரியம்மாவுக்கு ஒரு பக்கம் எடுத்து ஒன்பது வருடம் ஆகிறது. இன்றுவரை 'கட்டி எடுத்தாங்க' என்றுதான் சொல்வார். மறுசீரமைப்பு என்ற பேச்சே அவரிடம் யாரும் எடுக்கவில்லை. 'இந்த வயசுல எதுக்கு' என்பதை டாக்டருக்கு முன்பே வீட்டில் எல்லோரும் முடிவு செய்திருந்தோம். நானும்தான். வெளியே போகும்போது கர்ச்சீப்பைச் சுருட்டி ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொள்வார்.

2018-இல் சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் மார்பக அழகு சிகிச்சை இலவசம் என்ற அறிவிப்பு வந்தபோது நடந்த கூத்து ஞாபகமிருக்கும். ஏழைகளுக்கு மட்டும் ஏன் கிடைக்கக்கூடாது என்றார் அன்றைய சுகாதார அமைச்சர். உயிர்காக்கும் சிகிச்சைக்குச் செலவழிக்காமல் அழகுக்கா என்று எதிர்ப்பு. கிண்டல் தனி. அந்த விவாதத்தில் அழகு ஒரு பக்கம், அவசியம் ஒரு பக்கம் என்று எல்லோரும் சுலபமாகக் கோடு கிழித்தார்கள். கர்ச்சீப் எந்தப் பக்கம் வரும் என்று எனக்குத் தெரியவில்லை.

ஒருமுறை செக்கப்புக்குக் கூடப் போயிருந்தேன். நர்ஸிங் மாணவி ஒருத்தி கையில் ஏதோ ஆங்கிலப் படிவம். அவளே வாய்க்கு வந்தபடி மொழிபெயர்த்துக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"இப்ப உடம்பு எப்படித் தெரியுது, அதுல திருப்தியா இருக்கீங்களாம்மா?"

பெரியம்மா கொஞ்சம் யோசித்தார். "பரவால்லம்மா."

"பரவால்லைன்னா... திருப்தின்னு போடவா, ஓரளவுன்னு போடவா?"

"நீயே பாத்துப் போடு கண்ணு."

அவள் ஓரளவு என்று டிக் அடித்தாள். தமிழில் திருப்தி என்பது சாப்பாட்டுக்கு, கல்யாணத்துக்கு, சாமி தரிசனத்துக்குச் சொல்கிற சொல். உடம்புக்குச் சொல்வதில்லை. பரவாயில்லை என்ற சொல்லோ எந்தப் பெட்டியிலும் உட்காராது. நன்றாக இருக்கிறது என்பதற்கும் அதுதான், இதற்குமேல் கேட்காதே என்பதற்கும் அதுதான், உன் மனநிலை கெடவேண்டாம் என்பதற்கும் அதுதான். எதிரில் இருப்பவரின் முகம் வாடக்கூடாது என்று பதில் சொல்லப் பழகிய ஒரு தலைமுறைப் பெண்களிடம் திருப்தியைக் கேட்டால் கிடைப்பது திருப்தியின் அளவா, பழக்கத்தின் அளவா? அலுவலகத்தை மதிப்பிடச் சொல்லிக் காகிதம் கொடுத்தாலும் அவர்கள் அலுவலகத்தின் மனசு நோகாமல்தான் மார்க் போடுவார்கள்.

பேசப் பழகியவருக்கே அது சுலபமாக இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். மௌனத்தைப் பேச்சாக மாற்றுவது பற்றி 1977-இல் உரை நிகழ்த்தியவர் லார்ட். 'கேன்சர் ஜர்னல்ஸ்' அந்த உரையை முதல் பகுதியாக வைத்துத்தான் தொடங்குகிறது. அப்படிப்பட்டவருக்கு அந்த நர்ஸின் முன்னால் வாய் வரவில்லை. கோபம் தொண்டையை அடைத்துவிட்டது என்று அவரே எழுதுகிறார். புத்தகம் முழுவதும் அன்று சொல்லாமல் விட்ட பதில். கேள்வித்தாள் அன்றைக்கே, அந்த நிமிடமே பதில் கேட்கிறது. இரண்டு வருடம் கழித்து ஒருத்தி எழுதி முடிக்கப்போகிற பதிலுக்கு அதில் இடமில்லை.

போன மாதம் பெரியம்மாவிடம் லார்ட் கதையைச் சொன்னேன். பஞ்சு, ரோஸ் நிறம், நர்ஸ் சொன்னது எல்லாம். அமைதியாகக் கேட்டுக்கொண்டே கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். அரசியல் எதுவும் சொல்லவில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை. கீரையை அலசிக் கூடையில் கொட்டிவிட்டுத்தான் கேட்டார்.

"ஒத்தக் காதுலதான் போட்டுட்டுப் போனாளா?"

"ஆமா பெரியம்மா."

"இன்னொரு தோட்ட என்ன பண்ணா?"